பிறந்த குழந்தையின் இதயத்தில் பெருங்குழாய்கள் இடம் மாறியிருந்தால், எடை கூடும் வரை காத்திருந்து அறுவைச் சிகிச்சை செய்யலாமா?

காத்திருக்க வேண்டாம். “பச்சைக் குழந்தை, கொஞ்சம் தேறட்டும்” என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என் அக்கா மகனுக்கு இதே குறைபாடு இருந்தபோது எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் எழுந்தது. அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் குறைபாட்டில் நாள் தள்ளத் தள்ளக் குழந்தையின் இதயம் அறுவைக்குத் தகுதியிழந்துகொண்டே போகிறது.

உடலுக்கு இரத்தம் அனுப்பும் மகாதமனி வலது கீழறையிலிருந்தும், நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புவதால், பிராணவாயு ஏறிய இரத்தம் நுரையீரலையே சுற்றுகிறது. ஏறாத இரத்தம் உடலையே சுற்றுகிறது. இரண்டும் கலப்பதற்குக் கருவில் இருந்த வழிகள் பிறந்த சில நாட்களில் அடைபடத் தொடங்கும். ஆகவேதான் அந்த வழி அடைபடாமல் வைக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்தை இரத்த நாளம் வழியாக ஏற்றி, தேவைப்பட்டால் மேலறைச் சுவரில் உள்ள துளையைப் பலூனால் அகலப்படுத்துகிறார்கள். 1966இல் அமெரிக்க மருத்துவர் ராஷ்கிண்ட் அறிமுகப்படுத்திய இந்தப் பலூன் முறை உயிரைக் காக்கும், குறையைத் தீர்க்காது.

பிறந்தபின் இரத்த ஓட்டத்துக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு குறைந்துவிடுவதால், அதற்கு மட்டும் இரத்தம் தள்ளும் இடது கீழறை வேலையின்றிச் சில வாரங்களில் மெலிந்துபோகும். பிறகு குழாய்களைச் சரியான இடத்துக்கு மாற்றினாலும், உடல் முழுவதற்கும் இரத்தம் தள்ளும் வலு அதற்கு இருக்காது. எனவே வேறு சிக்கல் இல்லாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அறுவையை முடிக்க முனைகிறார்கள். கீழறைச் சுவரில் பெரிய ஓட்டையும் இருந்தால் சற்று அவகாசம் கிடைக்கலாம்; அதை எக்கோ (ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முற்காலத்தில் சென்னிங், மஸ்டர்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் முறைகளில் மேலறைகளுக்குள் இரத்தத்தின் பாதையை மட்டும் திருப்பினார்கள். உடலின் சுமை முழுவதும் வலது கீழறை மீதே இருந்ததால், பலருக்குப் பிற்காலத்தில் அது தளர்ந்தது. பிரேசிலின் அறுவைச் சிகிச்சை நிபுணர் அடிப் ஜாடேனே 1975இல் இரு குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைத்து வெற்றி கண்டார். இதில் மிகக் கடினமான பகுதி, இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் மெல்லிய கரோனரி தமனிகளைப் பெயர்த்துப் புதிய இடத்தில் முறுக்கின்றிப் பொருத்துவது. அந்தக் கைப்பழக்கமும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள். செலவு கவலையாக இருந்தால், அரசு காப்பீட்டுக்கு இன்றே அங்கு விசாரியுங்கள்.

அறுவைக்குப் பின் வீக்கம் வடியும் வரை சில குழந்தைகளின் நெஞ்சைத் தைக்காமல் மூடி வைத்திருப்பார்கள். முன்பே தெரியாததால் அக்கா அதைக் கண்டு ஆடிப்போனார். நீங்கள் தெரிந்துகொண்டே உள்ளே செல்லுங்கள். அக்கா மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். நுரையீரல் தமனி தையல் போட்ட இடத்தில் குறுகக்கூடும் என்பதால் எக்கோ பரிசோதனை மட்டும் தொடர்கிறது.