அக்குவினாஸ் சொல்லும் நீதி: கேள்வி பதில்

கேள்வி: பசிக்குத் திருடியவனும் தவம் (பாவப் பரிகாரம்) செய்தே ஆகவேண்டும் என்கிறாராமே 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்?

பதில்: அவருடைய நூலில் அந்த வரி உண்டு, கருத்து அவருடையதல்ல. ‘சும்மா தியோலஜியே’ (இறையியல் தொகுப்பு) என்ற அந்த நூலில் ஒவ்வொரு வினாவும் பல கூறுகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு கூறும் எதிர்வாதங்களோடுதான் தொடங்கும். அடுத்து “இதற்கு மாறாக” என்று ஒரு மேற்கோள் வரும். “நான் விடையளிக்கிறேன்” என்ற இடத்தில்தான் அவர் குரல் ஒலிக்கிறது. எதிர்வாதங்களுக்கு மறுமொழி கடைசியில். நீங்கள் கேட்டது இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, வினா 66, கூறு 7-இன் முதல் எதிர்வாதம்: பசியால் திருடியவனுக்கு 3 வாரத் தவம் என்ற பழைய திருச்சபைச் சட்டம். அது அவசரத் தேவை இல்லாத நிலைக்கான விதி என்று அவரே கீழே பதில் சொல்கிறார். முதல் பத்தியோடு நிறுத்தினால் அவர் மறுத்ததையே அவர் தலையில் கட்டிவிடுவோம். “நான் விடையளிக்கிறேன்” பத்தியைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: அப்படியானால் தேவை இருந்தால் எதையும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தேவை கண்கூடாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும். ஆபத்து நெருங்கியிருக்க வேண்டும். வேறு வழியே இருக்கக்கூடாது. அப்போது எடுப்பது திருட்டே ஆகாது என்கிறார்.

கேள்வி: தனிச்சொத்தை மறுக்கிறாரா?

பதில்: இல்லை. அதே வினாவின் கூறு 2-இல் அதற்கு மூன்று காரணம் தருகிறார்: தன் பொருளை மனிதன் அதிகக் கவனத்தோடு பேணுவான், காரியங்கள் ஒழுங்காக நடக்கும், சச்சரவு குறையும். ஆனால் ஈட்டுவதும் நிர்வகிப்பதும் ஒன்று, பயன்படுத்துவது வேறு. பயன்படுத்தும்போது பொதுப்பொருளாகவே கருதி, இல்லாதவரோடு பகிர ஆயத்தமாக இருக்க வேண்டும். உபரி, இயற்கைச் சட்டப்படி (மனித அறிவே உணரும் அறநெறிப்படி) ஏழையின் பிழைப்புக்கு உரியது. இந்தப் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது பெரிய அநியாயம்.

கேள்வி: ஈகை அன்பில் சேருமா, நீதியிலா?

பதில்: வினா 32-இல் அன்பின் கீழ் வைக்கிறார், ஆயினும் விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விடவில்லை, கட்டளை என்கிறார்.

கேள்வி: நீதி சட்டத்தின் வேலை. அதை ஏன் நற்பண்பு என்கிறார்?

பதில்: அவரவர்க்கு உரியதைக் கொடுக்கும் நிலையான, மாறாத மனவுறுதியே நீதி (வினா 58). விவேகம், திடம், தன்னடக்கம் போல அதுவும் பழகிப் பழகி ஊறவேண்டியது. ஒரு வேறுபாடு உண்டு. எவ்வளவு உண்பது அளவு என்பது ஆளைப் பொறுத்து மாறும். நீதியின் அளவு பொருளிலேயே இருக்கிறது. 100 கூலி பேசி 60 கொடுத்தவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் 40 பாக்கி பாக்கிதான்.