மஞ்சள் காசும் மகள் கணக்கும்

கேள்வி: மஞ்சள் விற்ற காசு ஒன்றரை லட்சம் இருக்குதுங்க. மகளுக்கு 7 வயது. கொழுந்தனார் ஏதோ ஆப்பில் போடச் சொல்கிறார். வரியில்லாமல் சேர எது நல்லது?
– வாசகி, கோபி

பதில்: முதலில் தபால் ஆபீஸுக்குப் போய் வாங்கம்மா. 10 வயது ஆகாததால் மகள் பேரில் செல்வமகள் கணக்கு தொடங்கலாம். வருஷத்துக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். 15 வருஷம் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 வருஷத்தில் முதிர்வு. வட்டிக்கு வரியில்லை. மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். தாண்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி போச்சு. மொத்தத்தையும் பூட்டிவிடாதீர்கள், அடுத்த பட்டத்துக்கு விதைமஞ்சள் வாங்க வேண்டாமா?

ஆப் என்றால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் பதிவு எண்ணையும் கட்டணத்தையும் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்டில் 'டைரக்ட்' திட்டமே கமிஷன் இல்லாதது. 'லாபம் நிச்சயம்' என்கிற ஆப்பை அப்போதே அழித்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்காரர்களும் அதைச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள்.