சுரிகாட்டாவில் பேட்டர்ன் மேட்சிங்: கேள்வி பதில்

(சுரிகாட்டா, நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பார்த்துத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். எதைத் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் விதிதான் ரூல்.)

கேள்வி: முப்பதாயிரம் ரூல் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முப்பதாயிரம் தடவையா தேடுகிறது?

பதில்: இல்லை. ரூலுக்கு ஒரு கன்டென்ட் சரம் (பாக்கெட்டில் தேட வேண்டிய எழுத்துத் தொடர்) வீதம் எடுத்து, குழுகுழுவாக ஆட்டோமேட்டனாக (பைட்டுக்குப் பைட் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தேடல் வரைபடம்) கோத்துவிடும். அகோ-கொராசிக் (1975) முறையில் பாக்கெட்டை ஒருமுறை படித்தால் போதும். சரம் பத்தோ பத்தாயிரமோ, பைட்டுக்கு ஒரு தாவல்தான். சரம் சிக்கிய ரூல்களை மட்டுமே பிறகு முழுதாகச் சோதிக்கும்.

கேள்வி: அப்புறம் ரூல் ஏற ஏற ஏன் மந்தமாகிறது?

பதில்: மெமரிதான் காரணம். ஒரு நிலைக்கு 256 கட்டம், கட்டத்துக்கு 4 பைட் என்றால் 1 கேபி. ஒரு லட்சம் நிலைக்கு சுமார் 100 எம்பி. கேஷில் அடங்காததால் தாவலுக்குத் தாவல் ராம் வரை போய்வர வேண்டியிருக்கும். இன்டெல், ஏஎம்டி சிபியு என்றால் எம்பிஎம்-ஆல்கோ என்ற அமைப்பில் (பல சரங்களைத் தேடும் முறையைத் தேர்வது) 'ஹெச்எஸ்' (ஹைப்பர்ஸ்கேன் என்ற வேகமான தேடல் நூலகம்) போடுங்கள். ஆர்ம் சிபியுவுக்கு வெக்டர்ஸ்கேன் இருக்கிறது.

கேள்வி: ஹைப்பர்ஸ்கேன் போட்டும் ஒரே ரூல் சிபியுவைத் தின்கிறது. கன்டென்ட் 'ஹெச்டிடிபி/1.1', பின்னால் ஒரு பிசிஆர்இ (ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவத்தை விவரித்துத் தேடும் சூத்திரம்).

பதில்: அந்தச் சரம் இல்லாத ஹெச்டிடிபி கோரிக்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! சரத்தைத் தேடும் முதல்கட்ட வடிகட்டி எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் பிசிஆர்இ ஓடுகிறது. அந்தத் தாக்குதலில் மட்டும் வரும் பாராமீட்டர் பெயர் போன்ற அரிய சரத்தைக் கன்டென்டாகச் சேர்த்து, அதன்மேல் ஃபாஸ்ட்-பேட்டர்ன் (முதல்கட்டத் தேடலுக்கு இந்தச் சரத்தையே எடு என்னும் குறி) வையுங்கள். நான்கு பைட்டாவது இருக்கட்டும். கன்டென்டே இல்லாமல் பிசிஆர்இ மட்டும் எழுதுவது இதைவிட மோசம்.

பிசிஆர்இயையும் பாருங்கள். பிளஸ் குறிக்குள் ('ஒன்றோ அதற்கு மேலோ' என்று பொருள்) பிளஸ் குறி இருந்தால் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும். மேட்ச்-லிமிட் (தேடல் முயற்சிகளின் உச்சவரம்பு, இயல்பாக 3500) தொட்டதும் கைவிட்டுவிடும், அலெர்ட் வராது. லிமிட்டை ஏற்றுவது மருந்தல்ல. வரம்பில்லாத 'புள்ளி-நட்சத்திரம்' (எந்த எழுத்தும் எத்தனை தடவையும்) இருக்கும் இடத்தில் 'வரிமுடிவு அல்லாத எழுத்து, அதிகபட்சம் 200' என்று கட்டுப்படுத்துங்கள்.

கேள்வி: சரம் இரண்டு பாக்கெட்டில் உடைந்து வந்தால்?

பதில்: டிசிபி என்றால் ஸ்ட்ரீமை ஒட்டவைத்த பிறகே தேடும். ஆனால் ரீஅசெம்ப்ளி டெப்த் (எவ்வளவு தூரம் வரை ஒட்டவைத்துப் பார்க்கும் என்ற அளவு) இயல்பாக 1 எம்பி. அதைத் தாண்டியது கண்ணில் படாது.

கேள்வி: போயர்-மூர் (பொருந்தாத பைட்களைத் தாவிச்செல்லும் சரத் தேடல் முறை) வேகம் என்கிறார்களே?

பதில்: ஒற்றைச் சரத்துக்குச் சரி. பல சரம் என்றால் மிகக் குட்டையான சரத்தின் நீளத்துக்கு மேல் தாவ முடியாது. இரண்டு பைட் சரம் ஒன்று புகுந்தால் போதும், ஆதாயம் போயிற்று.

கேள்வி: கோளாறான ரூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ப்ரொஃபைலிங்கை (ரூல் வாரியாக வேலைச்சுமையை அளப்பது) இயக்கி கம்பைல் செய்த தனி பில்டில், சேமித்த பிகேப் கோப்பை (பாக்கெட் பதிவு) ஓட்டுங்கள். நேரடி சென்சாரில் வேண்டாம், வேகம் குறையும். சோதனை எண்ணிக்கை லட்சத்திலும் மேட்ச் பூஜ்யத்திலும் நிற்கும் ரூலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.