கைக்குக் கேமரா, வாய்க்கு ஏஐ: தொழில் கேள்வி-பதில்

ஏசி சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறோம். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் முழுப் பயிற்சி வீடியோவையும் ஏஐயே செய்துவிடுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

செய்துவிடும், அதுதான் சிக்கல். ஏஐ வரையும் அவுட்டோர் யூனிட் அசல் போலவே இருக்கும். ஆனால் ஸ்பேனர் சுற்றும், நட் சுற்றாது. தடித்த பைப்பின் வால்வில் இருக்க வேண்டிய சர்வீஸ் போர்ட் (கேஜ் மாட்டும் வாய்) மெல்லிய பைப்பின் வால்வுக்குத் தாவியிருக்கும். கேஜில் முள் இருக்கும், எண்கள் கிறுக்கலாக இருக்கும். தொழில் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். புதிதாக வந்தவர் அதை அப்படியே செய்வார். ஆகவே கை வேலைக்குக் கேமரா, பேசும் வாய்க்கு மட்டும் ஏஐ.

நீங்கள் விற்கும், பழுது பார்க்கும் அதே மாடலை மேசை மேல் வைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டி எடுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு வேலைதான். வேக்கம் போடுவது (பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சுவது) என்றால் வேக்கம் மட்டும்: வேக்கத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே இறங்குவது, பம்ப் பக்க வால்வை மூடுவது, 10 நிமிடம் காத்திருப்பது. அளவு கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். இந்த இரண்டையும் நெருக்கத்தில் தனித்தனியாகக் காட்டுங்கள். கேஸ் அழுத்தம் பார்க்கும் சாதாரண மேனிபோல்டு கேஜை மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். முள் அடியில் போய் நின்றுவிடும், 500 மைக்ரானுக்கும் 5,000-க்கும் அதில் வித்தியாசம் தெரியாது.

படம் பிடிக்கும்போது யாரும் பேச வேண்டாம், படத்தின் மேல் எழுத்தும் வேண்டாம். எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிட்டால் மொழிக்கு ஒரு முறை மறுபடி எடிட் செய்ய நேரும்.

ஆங்கில மேனுவலை ஏஐ தமிழாக்கியது. எங்கள் பையன்களுக்கே புரியவில்லை. (வாசகர், மதுரை)

புரியாதுதான். 'கேஸ் சார்ஜ்' (கேஸ் நிரப்புவது) கட்டணமாகிறது, 'பிளேர்' (பைப்பின் வாயை விரிப்பது) தீச்சுடராகிறது, 'எர்த்' பூமியாகிறது. தமிழிலிருந்து இந்திக்குப் போகும்போது இன்னும் வேடிக்கை. பழைய கைகள் எட்டில் மூன்று (3/8) இஞ்ச் பைப்பை '3 நூல்' என்பார்கள். இயந்திரத்துக்கு நூல் என்றால் புத்தகம், இல்லாவிட்டால் தையல் நூல். இந்தி மெக்கானிக் அதே அளவைத் 'தீன் சூத்' என்பார்; எட்டில் ஒரு இஞ்சுக்கு அங்கே சூத், இங்கே நூல். அகராதியைப் புரட்டினால் இது கிடைக்காது, மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு முன்னால் 60, 70 சொற்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: பொருளின் படம், பக்கத்தில் ஒவ்வொரு மொழிக்காரரும் பட்டறையில் சொல்லும் சொல். வால்வு, கெப்பாசிட்டர், பிசிபி (மின்சுற்றுப் பலகை), பம்ப் டவுன் (கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது) எல்லாம் எந்த மொழியிலும் அப்படியே இருக்கட்டும். பட்டியலை ஏஐயிடம் கொடுத்து, இந்தச் சொற்களை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்புறம் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஒடியா தெரியாது. வீடியோவில் சரியாகத்தான் சொல்கிறது என்று எப்படி நம்புவது? (வாசகர், திருப்பூர்)

நம்ப வேண்டாம், சோதியுங்கள். ஒடியா வரிகளை வேறொரு ஏஐயிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். பெரிய பிழைகள் அதிலேயே சிக்கும். பிறகு அந்த வேலையை அறியாத ஒடியா ஊழியர் ஒருவரைப் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், கேஸ் இல்லாத பழைய யூனிட்டில். அவர் கை தயங்கும் இடத்தில் வரியைத் திருத்துங்கள்.

அதிகம் தடுமாறுவது 'முன்', 'பின்', 'கூடாது' வரும் வாக்கியங்கள். பம்ப் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலிங்கில் ஓடும்போது முதலில் மெல்லிய பைப்பின் வால்வை மூட வேண்டும். கேஸ் அவுட்டோருக்குள் வந்ததும் தடித்த பைப்பின் வால்வை மூடி, உடனே மெஷினை நிறுத்த வேண்டும். அதன் பிறகே நட்டைக் கழற்றலாம். வரிசை புரண்டு தடித்ததை முதலில் மூடினால் கேஸ் இண்டோரிலேயே தங்கிவிடும், நட்டைத் தளர்த்தியதும் முகத்தில் அடிக்கும். கம்ப்ரஸர் ஓடும்போதே நட்டைத் தளர்த்தினால் ஆபத்து அதைவிடப் பெரிது. காற்று உள்ளே போய் ஆயிலோடு சேர்ந்து அழுந்தி, கம்ப்ரஸரே வெடிக்கக்கூடும்.

அதனால் 'நிறுத்துவதற்கு முன் கழற்றக் கூடாது' என்று எழுதாதீர்கள். 'மெஷினை நிறுத்து. பிளக்கைப் பிடுங்கு. இப்போது நட்டைக் கழற்று' என்று மூன்று வரியாக்குங்கள். எந்த மொழிக்குப் போனாலும் வரிசை கலையாது.

குரல் ஓட்டமாக ஓடுகிறது, எண்களையும் தப்பாகப் படிக்கிறது. (வாசகர், ஓசூர்)

ஆங்கிலக் குரலின் நேரத்துக்குள் தமிழை அடைத்தால் ஓடத்தான் செய்யும். முதலில் குரலைத் தயார் செய்துவிட்டு, படத்தை அதற்கேற்ப வெட்டுங்கள். போதாத இடத்தில் கடைசி பிரேமை 2, 3 விநாடி நிறுத்தி வையுங்கள். எண்களை எழுத்தால் எழுதுங்கள்: 1/4 என்று கொடுத்தால் சில குரல்கள் தேதி படிக்கும், 'கால் இஞ்ச்' என்று கொடுத்தால் தப்பாகப் படிக்க வழியில்லை. ஆர்32 என்ற கேஸின் பெயரையும் 'ஆர் முப்பத்திரண்டு' என்றே கொடுங்கள். வசன வரியில் 'கொ', 'கே' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் குற்றம் எடிட்டிங் மென்பொருளில், மென்பொருளை மாற்றுங்கள்.

எங்கள் சீனியர் மெக்கானிக்கின் குரலையே ஏஐயில் நகலெடுக்கலாமா? (வாசகர், சென்னை)

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம். எதற்குப் பயன்படும், வேலையை விட்டுப் போனால் என்னவாகும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மொட்டை மாடியில் நெட் கிடைப்பதில்லை. (வாசகர், திருநெல்வேலி)

90 விநாடி வீடியோவை 500 கேபிபிஎஸ் வேகத்தில் சுருக்கினால் சுமார் 6 எம்பிதான் வரும். காலையில் கடையிலேயே போனில் இறக்கிவிடட்டும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி, கேஜ் எண்களை மங்கலாக்கிவிடும். கோப்பின் பெயரில் மாடலும் மொழியும் தேதியும் இருக்க வேண்டும். பழைய பதிப்பு யார் போனிலாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.