முக்கால் மணி நேரத்தில் சிவானந்தா ஆசன வரிசை: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் உள்ள சிவானந்தா ஆசிரமத்தில் இரண்டு வாரம் தங்கி 12 ஆசனங்களையும் கற்றுக்கொண்டேன். அங்கே வகுப்பு ஒன்றரை மணி நேரம். வீட்டில் காலையில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. சில நாட்களாகச் சிரசாசனம் (தலைகீழாக நிற்பது) செய்தால் கழுத்து வலிக்கிறது. அதை விட்டுவிடலாமா? வரிசையை மாற்றலாமா?

பதில்: வலி முழுவதும் போகும்வரை சிரசாசனம் வேண்டாம். அதை மட்டும் விட்டால் போதாது. அடுத்து வரும் சர்வாங்காசனமும் (தோளில் நிற்பது) ஹலாசனமும் (அதிலிருந்து கால்களைத் தலைக்குப் பின்னால் தரையில் வைப்பது) கழுத்தை இன்னும் அதிகமாக மடக்குபவை, அவற்றையும் நிறுத்துங்கள். அதற்குப் பதில் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து 3 நிமிடம் இருங்கள். கைக்கு வலி இறங்கினாலோ விரல் மரத்தாலோ முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களுக்கே போகக் கூடாது.

வலிக்குப் பெரும்பாலும் காரணம் முழங்கை. மண்டியிட்டு, ஒவ்வொரு கையாலும் எதிர் முழங்கையைப் பிடித்துத் தரையில் வையுங்கள். அந்த அகலம்தான் சரியான அளவு. பிறகு முழங்கையை நகர்த்தாமல் விரல்களைக் கோக்க வேண்டும். கோக்கும்போது முழங்கை அரை சாண் விலகினாலும் முன்கை எடை தாங்காது, பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கிவிடும். இன்னொரு தவறு, உச்சந்தலைக்குப் பதில் நெற்றிப் பக்கத்தை ஊன்றுவது. மூன்றாவது, காலை உதைத்து எழும்புவது. மெத்தையிலும் செய்யாதீர்கள், நாலாக மடித்த ஜமுக்காளம் போதும்.

இனி நேரம். இந்த வகுப்பு முறையை வகுத்தவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. கேரளத்தில் 1927-ல் பிறந்து, ராணுவத்தில் பணியாற்றி, பின் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சேர்ந்து அங்கே ஹட யோகம் கற்பித்தவர். (சிவானந்தர் நம் பத்தமடைக்காரர்.) குரு அனுப்ப 1957-ல் அமெரிக்கா போனார். கனடாவில் மாண்ட்ரியலில் மையம், வால் மோரினில் ஆசிரமம், பஹாமாஸில் ஒன்று, கேரளத்தில் நெய்யாறு அணையருகே ஒன்று எனத் தொடங்கினார். 1969-ல் ஆசிரியர் பயிற்சியையும் ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறையில் வந்து தங்கிப் பழகுவதற்கும் இந்த ஆசிரமங்களில் இடம் வைத்தார். ஆசனம், மூச்சு, ஓய்வு, சைவ உணவு, நல்லெண்ணமும் தியானமும் என ஐந்தாக யோகத்தைச் சுருக்கிச் சொன்னதும் அவர்களுக்குப் புரியத்தான். இந்த ஐந்தில் ஓய்வுக்குத் தனி இடம் கொடுத்ததைக் கவனியுங்கள். நேரம் இல்லாதபோது நாம் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஆகவே இறுதிச் சவாசனத்துக்கு (மல்லாந்து படுத்து ஓய்வெடுப்பது) 8 நிமிடம் ஒதுக்கிவிட்டு மற்ற நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்கச் சவாசனம் 2 நிமிடம். கபாலபாதி (மூச்சை விசையாக வெளியே தள்ளுவது) 25 வீச்சு வீதம் இரண்டு சுற்று. அனுலோம விலோமம் (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடுவது) 5 நிமிடம்: 4 எண்ணி இழுத்து, 16 நிறுத்தி, 8-ல் விடுவது. 16 எண்ணும்வரை நிறுத்த மூச்சு முட்டினால் 8 போதும். சூரிய நமஸ்காரம் 12-க்குப் பதில் 6. கால் தூக்கும் பயிற்சி 2 நிமிடம். பிறகு ஆசனங்கள், நிலைக்கு ஒன்று இரண்டு நிமிடம்.

வரிசையை மாற்ற வேண்டாம். ஹலாசனத்தில் மடங்கிய கழுத்தை, மார்பை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்க்கும் மத்ஸ்யாசனம் நிமிர்த்துகிறது. அதைச் சர்வாங்காசன நேரத்தில் பாதியாவது செய்ய வேண்டும், பாரம் தலையில் விழாமல் முழங்கையில் நிற்கட்டும். பச்சிமோத்தானாசனத்தில் குனிந்த முதுகுக்கு மாற்றாகத்தான் முதுகைப் பின்னால் வளைக்கும் புஜங்க, சலப, தனுர் ஆசனங்கள். நேரம் போதாத நாளில் இந்த மூன்றில் ஒன்றை விடலாம்; காகாசனத்தையும் (உடலைக் கைகளில் தாங்குவது) விடலாம். குனிவதை வைத்துக்கொண்டு வளைவதை மொத்தமாக விட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கழுத்து வலி முழுவதும் போன பிறகு, சிரசாசனத்தின் இடத்தில் டால்பின் பயிற்சி செய்யுங்கள். கோத்த கைகளுடன் இடுப்பை உயர்த்தி, தலை தரையில் படாமல், மோவாயைக் கைகளுக்கு முன்னால் கொண்டுபோய்த் திரும்புவது. 8 தடவை, பிறகு குழந்தை நிலையில் 6 மூச்சு. 12 தடவை மூச்சு வாங்காமல் வந்துவிட்டால் தலையை ஊன்றி, முழங்காலை மார்போடு மடக்கிய பாதி நிலை வரை மட்டும் போங்கள். அங்கே 10 மூச்சு அசையாமல் நிற்க முடிந்தபின் காலை நீட்டலாம். முதல் சில தடவை பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.