இரவல் குரல்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சொல்லி வைத்தாற்போல், திரையில் நாம் கேட்கும் குரல்களைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, குரல் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

பாகவதர் காலத்தில் பாடத் தெரிந்தவர்தான் நடிகர். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்ற வழக்கம் எப்போது வந்தது?
– வாசகர், கும்பகோணம்

தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளிவந்தபோது, அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதே ஒரு பெரிய தகுதியாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்கும்படி எட்டுக்கட்டையில் பாடிப் பழகியவர்களால்தான், படப்பிடிப்பு நடக்கும் வேளையிலேயே பாட்டையும் பதிவு செய்தாக வேண்டிய அந்நாளைய நெருக்கடியைச் சமாளிக்க முடிந்தது. பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணுக்குப் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகர் நடித்துக்கொண்டே பாடுவார்.

1938-ல் ‘நந்தகுமார்’ படத்தைத் தயாரித்த ஏ.வி. மெய்யப்பன், நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாட வைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியதாகவே திரை வரலாறு எழுதுகிறவர்கள் கொள்கிறார்கள். ஆனால் அதனால் மறுநாளே உலகம் மாறிவிடவில்லை. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது, பெருமளவுக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரின் சாரீரத்தின் பலத்தில்தான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி 1947-ல் அவர் விடுதலையாகி வந்தபின் படங்கள் ஓடவில்லை. வழக்குதான் அவரை வீழ்த்தியது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அந்தச் சில ஆண்டுகளுக்குள் ரசிகர்களின் காது பாட்டிலிருந்து வசனத்துக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. 1952-ல் ‘பராசக்தி’ வந்தபோது, சிவாஜி கணேசனுக்காக சி.எஸ். ஜெயராமன் பாடினார் என்பதை யாரும் குறையாகவே எண்ணவில்லை. நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேசியது போதுமானதாக இருந்தது.

விதிவிலக்குகளும் இருந்தார்கள். கே.பி. சுந்தராம்பாளுக்கோ பானுமதிக்கோ வேறொருவர் பாடுவதை நினைத்துப் பார்க்க முடியுமா? ஜே.பி. சந்திரபாபு ஒரு படி மேலே போய், 1954-ல் வந்த ‘பெண்’ படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குத் தம் குரலை இரவல் கொடுத்தார். நகைச்சுவை நடிகர் பாட, சங்கீத வித்வான் வாயசைத்த விசித்திரம் அது.

டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலிலும் சிவாஜிக்கு வேறொரு குரலிலும் பாடினார் என்கிறார்கள். இது உண்மையா, ரசிகர்களின் கற்பனையா?
– வாசகி, மதுரை

கற்பனை இல்லை. உங்கள் ஊர்க்காரர் செய்த வித்தையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1965-ல் வெளிவந்த இரண்டு பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘திருவிளையாடல்’ படத்தின் ‘பாட்டும் நானே’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்தின் ‘நான் ஆணையிட்டால்’. முதலாவதில் ஓசை அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சொல்லின் கடைசி எழுத்திலும் கனம் குறையாமல் நிற்கிறது. இரண்டாவதில் அதே குரல் சற்று மேலே ஏறி, மூக்கை ஒட்டி நின்று, ஒவ்வொரு சொல்லையும் நறுக்கென்று வெட்டிக் கொடுக்கிறது. எம்.ஜி.ஆர். பேசும்போது சொற்கள் விழும் தோரணையையும், சிவாஜி வசனத்தை நீட்டி நிறுத்தும் தோரணையையும் சௌந்தரராஜன் உள்வாங்கிப் பாடினார் என்பதே என் எண்ணம். 1954 என்ற ஒரே ஆண்டில் ‘தூக்குத்தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடத் தொடங்கியவர் அவர். பிற்பாடு இரண்டு ரசிகர் மன்றங்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்த காலத்திலும் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த சொத்து அந்தக் குரல் ஒன்றுதான்.

இதில் நடிகரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ‘பாட்டும் நானே’ காட்சியில், பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் சிவாஜியின் மார்பு விரிவதையும், சங்கதி உச்சத்தை எட்டும்போது கழுத்து நரம்பு புடைப்பதையும் கவனித்துப் பாருங்கள். வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் வராது.

ஆனால் இந்தக் கூட்டணியும் நிரந்தரமாக இருக்கவில்லை. 1969-ல் ‘அடிமைப்பெண்’ படத்துக்காக ‘ஆயிரம் நிலவே வா’ பாடவிருந்த இளைஞர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காய்ச்சலில் படுத்துவிட, அவர் குணமாகி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார் என்பதை எஸ்.பி.பி.யே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1974-ல் ‘உரிமைக்குரல்’ வந்தபோது அதே நாயகருக்கு யேசுதாஸின் மென்மையும் பொருந்திப் போயிற்று.

இப்போது நடிகர்களே பாடுகிறார்களே, மகிழ்ச்சிதானே?
– வாசகர், திருப்பூர்

கமல்ஹாசன் 1975-ல் ‘அந்தரங்கம்’ படத்தில் பாடியபோது பாடத் தெரிந்ததால் பாடினார். இன்று சுருதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

தமிழ்ப் படங்களில் ஒரே நடிகையின் குரல் படத்துக்குப் படம் மாறுகிறது. அண்மையில் ஒரே நாளில் ஒருவரின் இரண்டு படங்களைத் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பார்த்ததுபோல் இருந்தது. ஏன் இப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

தியேட்டரில் ஆறு மாதத்துக்கு ஒரு படமாகப் பார்த்த காலத்தில் இந்த வேறுபாட்டை நம் நினைவு மறைத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

நம் படங்களில் மிகப் பெரும்பாலானவை படப்பிடிப்புத் தளத்தில் பதிவாகும் ஒலியை வழிகாட்டியாக மட்டுமே வைத்துக்கொள்கின்றன. ‘விருமாண்டி’ (2004) போல் நேரடி ஒலிப்பதிவில் எடுக்கப்பட்டவை அபூர்வம். தளத்தில் ஜெனரேட்டர் இரைச்சல், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநரின் குரல் எல்லாமும் சேர்ந்து பதிவாகியிருக்கும். அந்தப் பைலட் டிராக்கைக் கேட்டுக்கொண்டு, டப்பிங் தியேட்டரில் முழுப் படத்தையும் மறுபடி பேசுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு காட்சித் துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி, அது திரையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, சரியாக அமையும்வரை பேசுவார்கள். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. பேசுகிறவரின் பாடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தச் சிரமத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். நடிகை திரையில் ‘போ’ என்று சொல்லியிருந்தால் உதடுகள் ஒட்டிப் பிரிந்திருக்கும். எடிட்டிங்குக்குப் பிறகு இயக்குநர் மனம் மாறி வசனத்தைத் திருத்த நினைத்தால், அந்த இடத்தில் உதடு ஒட்டும் எழுத்தில் தொடங்கும் சொல்தான் வேண்டும். ‘மாட்டேன்’ பொருந்தலாம், ‘கிளம்பு’ பொருந்தாது. தமிழே தெரியாத நடிகை வாய்க்கு வந்தபடி அசைத்துவிட்டுப் போயிருந்தால், டப்பிங் கலைஞர் அந்த உதட்டசைவுக்குள் தமிழ் வாக்கியத்தை அடக்கி, அதில் கோபத்தையும் விசும்பலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அழுகைக் காட்சியில் வசனத்துக்கு இடையில் வரும் மூச்சுத் திணறல்கூட அவருடையதுதான்.

வெளிமாநில நடிகைகள் அதிகமானபோது இந்தத் தேவையும் அதிகமாயிற்று. ஒவ்வொரு இயக்குநரும் தமக்குப் பழக்கமான கலைஞரை அழைப்பதாலும், அழைக்கப்பட்டவர் அந்தத் தேதியில் வேறொரு படத்தில் இருப்பதாலும், சில வேளைகளில் சம்பளம் படியாததாலும் ஒரே முகத்துக்குப் பல குரல்கள் அமைந்துவிடுகின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் விடுவதில்லை. சிம்ரன் என்றவுடன் நம் காதில் ஒலிப்பது பெரும்பாலும் சவிதாவின் குரல். நயன்தாராவின் பல பாத்திரங்களுக்கு தீபா வெங்கட் உயிர் கொடுத்திருக்கிறார். ‘96’ படத்தில் த்ரிஷாவுக்குப் பேசியவர் பாடகி சின்மயி. ஆண்களும் இதற்கு விலக்கில்லை. ‘சேது’ வருவதற்கு முன், விக்ரம் ‘அமராவதி’யில் அஜித்துக்கும், ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும், ‘காதல் தேசம்’ படத்தில் அப்பாஸுக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

பாடகருக்குக் கிடைத்த மரியாதை பேசுகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம். பி. சுசீலா ‘உயர்ந்த மனிதன்’ பாட்டுக்காகத் தேசிய விருது பெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. டப்பிங் கலைஞருக்குத் தமிழக அரசு விருது உண்டு என்பது ஆறுதல். ஆனால் இசை வெளியீட்டு விழா மேடையில் பாடியவர்கள் எல்லாரும் நிற்க, நாயகியாகவே படம் முழுவதும் பேசியவர் அந்த ஊரிலேயே இருந்தும் அழைக்கப்படாமல் இருப்பது எனக்கு விளங்கவே இல்லை.

என் தந்தை இலங்கை வானொலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அப்படி என்ன இருந்தது அதில்?
– வாசகர், தூத்துக்குடி

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? கொழும்பு அலைவரிசை உங்கள் கரையில் உள்ளூர் நிலையம்போல் தெளிவாகக் கேட்டதாயிற்றே.

1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். கேட்பவர்கள் ரசனையைத் திருத்திக்கொள்ளவில்லை, அலைவரிசையைத் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்படுவதற்குள் இலங்கை வானொலி வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டே பேசப் பழகியவர்கள் தென் மாவட்டங்களில் நிறைய உண்டு. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதைக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரம் பார்த்த வீடுகளும் இருந்தன.

உங்கள் தந்தை உருகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிதானமாகச் சொன்னார்கள். 1949-ல் வந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு, முதலில் வெளியான இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. படத்தில் வரும் பாத்திரத்தின் பெயரைத்தான் அச்சிட்டிருந்தார்கள். பாடகருக்குப் பெயர் உண்டு என்பதை ரசிகர்களுக்கு மனப்பாடம் செய்வித்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று செல்பேசியில் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது; யார் பாடினார் என்று என் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், நடிகர் பெயரைச் சொல்கிறார்கள்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் அற்புதமாகப் பாடும் பிள்ளைகளில் பலர் பிறகு காணாமல் போவது ஏன்?
– வாசகி, சேலம்

‘சூப்பர் சிங்கர்’ 2006-ல் தொடங்கியதிலிருந்து திறமைக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் தேர்வு முறையில் இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் பாடி நிலைத்த பாட்டை, அவர் பாடியபடியே அசலாகப் பாடுகிற குழந்தைக்கு நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஆனால் இசையமைப்பாளர் தேடுவதோ இதுவரை கேட்டிராத ஒரு குரலை. எல்.ஆர். ஈஸ்வரியோ மலேசியா வாசுதேவனோ அப்படியொரு போட்டியில் கலந்துகொண்டிருந்தால் முதல் சுற்றிலேயே ‘இன்னும் பயிற்சி வேண்டும்’ என்று அனுப்பியிருப்பார்கள் என்று நான் அஞ்சுகிறேன். ‘கருத்தம்மா’ பாட்டுக்குத் தேசிய விருது பெற்ற ஸ்வர்ணலதாவின் குரலில் இருந்த அந்த மெல்லிய கரகரப்பை எந்த மதிப்பெண் அட்டையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மறைந்த பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பாட வைக்கிறார்களே, இது சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

2024-ல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களை இவ்வாறு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா, மறைந்த தம் சகோதரி பவதாரிணியின் குரலை ஒரு விஜய் படப் பாட்டில் ஒலிக்கச் செய்தார். இந்த இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை துயரத்துக்குள் நாம் நுழைய வேண்டியதும் இல்லை.

என் கவலை அனுமதி கேட்காதவர்களைப் பற்றியது. எஸ்.பி.பி. பாடாத பாட்டை அவர் பாடியதுபோல் உருவாக்கி வெளியிடுகிறவர், அவர் எந்தச் சொல்லில் சிரித்திருப்பார், எந்த வரியை வேண்டாம் என்று கவிஞரிடம் சொல்லியிருப்பார் என்பதைத் தாமே முடிவு செய்துவிடுகிறார். குடும்பத்தின் சம்மதம், உரிய ஊதியம், பாட்டின் தொடக்கத்திலேயே தெளிவான அறிவிப்பு ஆகிய மூன்றையும் சட்டமாக்கும்வரை இதை வேண்டாம் என்றே சொல்வேன். இதில் முதலில் அடிபடப்போகிறவர்கள் பாடகர்கள்கூட அல்லர். பெயர் தெரியாத டப்பிங் கலைஞர்கள்தாம். அவர்கள் குரலைத் திருடினால் திருட்டு என்று கண்டுபிடிக்கக்கூட ஆள் இருக்காது.

உங்களுக்கு மிகவும் பிடித்த இரவல் குரல் எது?
– வாசகி, திருநெல்வேலி

‘பம்பாய்’ (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி பேசியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் அதே ரோகிணி தம் சொந்த முகத்தோடும் குரலோடும் நடித்திருக்கிறார். முதலில் ‘மகளிர் மட்டும்’, மறுநாள் ‘பம்பாய்’ என்ற வரிசையில் பாருங்கள்; ‘பம்பாய்’ நாயகி ஷைலா பானு பேசும்போது ரோகிணியின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள். எனக்கு வரவில்லை.