டியூனரைக் கழற்றி வைத்தால் ட்யூன் போய்விடாது, தம்பி

தம்பி, உசிலம்பட்டிக்காரர் ஒருவர் டெக்சாஸில் டீசல் பிக்கப் வாங்கிச் சிரமப்படுகிறார் என்றதும் சும்மா கடந்து போக மனம் வரவில்லை. நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இது: மிட்லண்டில் வேலை, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2013 சில்வராடோ 2500, டூராமேக்ஸ் என்ஜின், தனியாள் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினீர்கள், அவர் சாவியோடு, என்ஜின் பவரைக் கூட்டும் டியூனர் பெட்டி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். காலியாக ஓட்டினால் வண்டி பறக்கிறது. டிரெய்லரை மாட்டி மேட்டில் மிதித்தால் பவர் குறைக்கப்பட்டது என்று போர்டில் எச்சரிக்கை வந்து வண்டி ஊர்கிறது, கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு கோட் பி-0087. டியூனரைச் சொருகினால் சில நேரம் திரையே எரிவதில்லை, எரிந்தாலும் ஏற்கனவே ஒரு வண்டிக்கு லாக் ஆகியிருப்பதாகச் சொல்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் டாலருக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். டியூனர் டப்பாவுக்குள் கிடக்கும்போது அது எப்படிக் காரணமாகும், பம்பை மாற்றிவிடவா, இல்லை வண்டியையே தள்ளிவிடவா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. ஆனால் டிரெய்லர் மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பி-0087 என்றால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாயில், டீசல் அழுத்தம் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு வரவில்லை என்று பொருள். பம்ப் செத்துவிட்டது என்று அந்தக் கோட் சொல்லவில்லை. பம்ப் காரணமாக இருக்கலாம், அடைத்த ஃபில்டராக இருக்கலாம், எங்கோ காற்று இழுப்பதாக இருக்கலாம், பம்பால் கொடுக்க முடிகிறதைவிட அதிகமாக ட்யூன் கேட்பதாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியில் டீசலை உயர் அழுத்தத்தில் ரெயிலுக்குத் தள்ளுவது சிபி4 என்ற பம்ப். அது உள்ளே தேய்ந்து உடைந்தால் உலோகத் துகளை ரெயில், இன்ஜெக்டர், திரும்பிப் போகும் டீசல் வழியாக டேங்க் வரைக்கும் பரப்பிவிடும், அப்புறம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். அதனால் முதல் வேலை, டீசல் ஃபில்டரைக் கழற்றி அதில் இருக்கும் டீசலைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளி ஜிகினா மாதிரி மின்னினால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ வண்டியை அழையுங்கள். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அந்தப் பம்பின் உடம்பு அலுமினியம், அந்தத் துகள் காந்தத்தில் ஒட்டாது. ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி அதன் சல்லடையையும் ஒருமுறை பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகும். அதை ஒர்க்‌ஷாப்பில் பணம் கொடுத்துச் செய்தாலும் தகும்.

துகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இனி டியூனருக்கு வருகிறேன்.

டியூனரில் இரண்டு வகை. ஒன்று, சென்சாருக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் சொருகி வைக்கும் பெட்டி. அதைக் கழற்றிப் பழைய கனெக்டரை மாட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும். இன்னொன்று உங்களிடம் இருக்கும் கைப்பெட்டி வகை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், கோட் படிக்கும் ஓபிடி போர்ட்டில் சொருகி, என்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பெனி ஃபைலை எடுத்துத் தனக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, வேறு ஃபைலை உள்ளே எழுதிவிடும். எழுதி முடித்ததும் பெட்டிக்கு வேலை இல்லை. அதை டப்பாவில் போடுங்கள், கிணற்றில் போடுங்கள், ட்யூன் வண்டிக்குள்தான் இருக்கும். "டியூனரை யூஸ் பண்ணவே இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். விற்றவர் எந்த லெவலில் விட்டுவிட்டுப் போனாரோ அதில்தான் நீங்கள் டிரெய்லர் இழுக்கிறீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த என்ஜின் 397 குதிரைத்திறன். பெரிய ட்யூன்கள் அதற்கு மேல் நூறுக்கும் அதிகமாகக் கூட்டும். காலி வண்டிக்கு அது ஜாலி, பின்னால் பாரம் இருந்தால் டீசலும் சூடும் எல்லை தாண்டும்.

லாக் என்று வருகிறதே, அதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. இந்தப் பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரு வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரோடு தங்களைப் பூட்டிக்கொள்ளும். மெனுவில் வண்டித் தகவல் என்ற பக்கத்தில் 17 எழுத்து வின் நம்பர் தெரிகிறதா பாருங்கள், அதை முன் கண்ணாடியின் டிரைவர் பக்க மூலையில் இருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் சந்தோஷம், உங்கள் வண்டியின் ஸ்டாக் ஃபைல், அதாவது கம்பெனி ஃபைல், அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, திருப்பி எழுதிவிடலாம். வேறு வேறு என்றால் விற்றவர் வேறு வண்டியின் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். அப்போது உங்கள் வண்டிக்குள் என்ன ஃபைல் ஓடுகிறது என்பது டீலரிடம் அந்த ஃபைலின் அடையாளமான கேலிபரேஷன் நம்பரைப் படிக்கச் சொன்னால்தான் தெரியும், தேவைப்பட்டால் அவர்களே ஸ்டாக் ஃபைலை ஏற்றிவிடுவார்கள். நடுவில் யாராவது டீலரிடம் அப்டேட் போட்டிருந்தால் பெட்டி ஒன்று நினைக்கும், வண்டி ஒன்று நினைக்கும், அதுவும் லாக் தகராறாகத்தான் வரும். அதற்குப் பெட்டிக் கம்பெனியின் சப்போர்ட்டை அழைத்தால்தான் வழி, வின் நம்பரையும் பெட்டியின் சீரியல் நம்பரையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

திரை எரியாததற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான். ஓபிடி போர்ட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4, 5 இரண்டும் எர்த். நிறைய வண்டிகளில் அந்தப் 16ஆம் பின்னும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃபியூஸ். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பை லைட்டரில் போட்டு ஓட்டினால் ஃபியூஸ் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது, ஸ்கேனரும் டியூனரும் செத்ததாக நினைப்போம். ஃபியூஸ் நன்றாக இருந்தால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் சொருகிச் சொருகிப் பின் தளர்ந்திருக்கும், அசைத்தால் எரியும், விட்டால் அணையும். அப்படிப்பட்ட போர்ட்டில் ஃபைல் எழுத ஆரம்பிக்கவே கூடாது.

ஃபைல் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடாதீர்கள். பெட்டியை முதலில் யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் அப்டேட் செய்யுங்கள். உங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி, இரண்டும் முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஒன்று படுத்திருந்தாலும் இன்னொன்றையும் இழுத்துவிடும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எழுதி முடிக்கும் வரை வோல்ட் இறங்காமல் தாங்கும் சார்ஜரை மாட்டி வையுங்கள். ஏசி ப்ளோயர், ரேடியோ, லைட் எல்லாம் ஆஃப். ரிமோட் ஸ்டார்ட், ஜிபிஎஸ் டிராக்கர், பெரிய ஆம்ப்ளிஃபயர் என்று விற்றவர் எதையாவது வெளியே வாங்கி மாட்டியிருந்தால் அவற்றின் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள், டேட்டா லைனில் அவை குறுக்கே பேசினால் பாதியில் நின்றுவிடும். சாவியை ஆனில் வைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பெட்டி சொல்கிறபடி மட்டும் நடங்கள். பாதியில் நின்றால் பதறிப் பிடுங்காதீர்கள். பெட்டி பெரும்பாலும் மீட்பு வழி ஒன்றைக் கேட்கும், அதைத் தொடருங்கள்.

ஸ்டாக்கிற்கு வந்த பின் அதே மேட்டில், அளவான பாரத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோட் வரவில்லை என்றால் ட்யூன் கேட்ட டீசலைப் பம்பால் தர முடியவில்லை என்பதே விஷயம். கோட் மறுபடி வந்தால் வண்டியில்தான் கோளாறு, ட்யூன் அதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன், காரணம் இருக்கிறது. 2001 முதல் 2016 வரை வந்த டூராமேக்ஸ் பிக்கப்புகளில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் லிஃப்ட் பம்ப் கம்பெனியிலிருந்தே கிடையாது. என்ஜின் பக்கம் இருக்கும் பம்ப்தான் அவ்வளவு தூரம் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பாதையில் விரிசல் இருந்தால் டீசல் கீழே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், தரையைப் பார்த்தால் ஒரு துளி இருக்காது.

நான் இப்போது லீவில் மதுரையில்தான் இருக்கிறேன். கப்பலூர் பக்கம் டீசல் பம்ப் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் உங்கள் கதையைச் சொன்னேன். டூராமேக்ஸை அவர் பார்த்ததே இல்லை, ஆனால் கேட்டவுடன் "பம்பைத் தொடுறதுக்கு முந்தி டேங்க்ல இருந்து வர்ற லைனைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். முறை இதுதான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் மாதிரி உள்ளே தெரிகிற, டீசல் தாங்கும் டியூப் ஒரு சாண் மாட்டி என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் காற்று இழுக்கிறது. அப்புறம் சுத்தமான கேனில் டீசல் ஊற்றி அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்கிலிருந்து வரும் லைனில், நிற்கவில்லை என்றால் ஃபில்டர் தலையில். அங்கே பார்க்க வேண்டியது மூன்று: ஃபில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் சென்சாரின் ஓ-ரிங், மேலே கையால் அமுக்கும் பிரைமர், காற்றை வெளியேற்றும் பிளாஸ்டிக் ஸ்குரூ. அந்த ஸ்குரூவை யாராவது முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தால் கீறல் விட்டிருக்கும், சில டாலர் சாமான், அதற்காகப் பம்பை மாற்றியவர்கள் உண்டு.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் ஊரில் பழைய லாரி என்ஜினில் ஏர் லாக் எடுக்க, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜெக்டர் பைப் நட்டை ஓட்டத்திலேயே லூஸ் செய்வார்கள். மேலூர்ப் பக்கம் குவாரி லாரிகளில் நான் நூறு முறை பார்த்திருப்பேன். உங்களுடையது மாதிரி ரெயில் வைத்த காமன் ரெயில் என்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ரெயிலில் 2000 பார் வரை அழுத்தம் இருக்கிறது, ஊசி முனை அளவு கசிந்தாலும் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும், கையையே எடுக்கும் நிலை வரும். ஊரில் மெக்கானிக்கிடம் பழகிய கை என்று தைரியமாக இறங்கிவிடாதீர்கள் தம்பி, பம்புக்கு முன்னால் இருக்கும் லோ பிரஷர் பக்கம் மட்டுமே உங்கள் வேலை.

கரும்புகை அதிகம், விசில் மாதிரி சத்தம், இழுவை குறைவு என்றால் அது வேறு கதை, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்பில் நழுவியிருக்கும். சோப்புத் தண்ணீர் அடித்துக் குறைந்த காற்றழுத்தத்தில் பார்த்தால் நுரை சொல்லிவிடும். ஸ்டாக்குக்குப் பின் ட்யூன் வேண்டுமென்றால் டோயிங் லெவலோடு நிறுத்துங்கள், புகைபோக்கி வெப்பம் காட்டும் மீட்டர் ஒன்றை வைத்து 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள். கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் ஆலிசன் கியர்பாக்ஸ் ஸ்லிப் ஆகிறது, அந்த நிமிடமே ட்யூனை எடுத்துவிட வேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்து இதையும் பாருங்கள். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் டப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பைப் ஓடினால், முந்தையவர் அதை எடுத்துவிட்டு அதற்கேற்ற ட்யூன் போட்டிருக்கிறார். அமெரிக்கக் காற்று மாசுச் சட்டமான க்ளீன் ஏர் ஆக்ட்படி அது சட்டவிரோதம், எந்த மாநிலமானாலும். பத்து வருடத்தில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே 2020இல் கணக்குச் சொன்னது, அதனால் உங்கள் வண்டியும் அதில் ஒன்றாக இருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியென்றால் ஸ்டாக் ஃபைலை மட்டும் ஏற்றினால் கோட் மழையாகக் கொட்டும், சாமானையும் திரும்ப மாட்ட வேண்டும். ஊரில் எல்லாரும் செய்கிறார்களே என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். புதிதாகக் குடியேறியவர் தலையில் அந்த வம்பு வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் விஷயம். மதுரையில் பம்பைக் கழற்றி பெஞ்சில் போட்டு ஓட்டி, தேய்ந்ததை மட்டும் மாற்றித் தருவார்கள், நாம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்று பார்க்கலாம். டெக்சாஸில் ஆள் கூலி மணிக் கணக்கில், அதனால் கோட் என்ன சொல்கிறதோ அந்த சாமானை முழுசாக மாற்றுவதுதான் அவர்களுக்கு வேகம். அதில் ஏமாற்று இல்லை, தொழில் அப்படி. ஆனால் கோட் படிப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. சோதனைக் கட்டணம் கொடுத்து, "லோடில் ஓட்டும்போது கேட்ட ரெயில் அழுத்தம் எவ்வளவு, வந்த அழுத்தம் எவ்வளவு, இரண்டையும் பதிவு செய்து பிரிண்ட் கொடுங்கள்" என்று கேளுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றும் பழைய சாமான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் ட்யூன் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால் அவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள், அந்த மணிக்கும் பில் உங்களுக்குத்தான்.

அந்தப் பிரிண்டும், ஃபில்டர் டீசல் பாட்டிலின் போட்டோவும், பெட்டி காட்டும் வின் நம்பர் உங்களுடையதா இல்லையா என்பதும், இந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், வின் நம்பரை முழுசாக எழுத வேண்டாம். அடுத்த மாதம் ஹூஸ்டன் வந்துவிடுவேன். பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு எப்போதாவது வந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், டிரெய்லர் இல்லாமல் வாருங்கள், அடியில் படுத்து இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.